ஒன்பதாம் ஆணியில் ஒரு டோக்கன்

"செத்துப்போன பொண்ணு தினமும் காலையில வந்து அட்டெண்டன்ஸ் குடுத்துட்டுப் போறா. அதானே சார் சொல்ல வர்றீங்க?" என்றேன்.

பேராசிரியர் என்னை முறைத்தார். மேடம் என் காலை மிதித்தார். இரண்டுமே எனக்குப் பழகிப்போனவை. எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மூளை மேடத்துடையது, வாய் என்னுடையது. அதனால்தான் பெற்றவர்கள் வைத்த பெயரை விட்டுவிட்டு என்னை 'ரேடியோ' என்று கூப்பிடுகிறார்.

கடல் ஆய்வு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தோம். பல்கலைக்கழகத்தில் கடலியல் படிக்கிற பிள்ளைகள் வருஷத்துக்கொரு தடவை இங்கே வந்து தங்கி, வகுப்பறையில் கேட்டதைப் பாறையிலும் மணலிலும் இறங்கிப் படிப்பார்கள். கண்ணாடித் தொட்டிகளில் காற்றுக்குமிழி கொப்பளித்துக்கொண்டிருந்தது. வாசலில் ரப்பர் பூட்ஸ்கள், ஈரத் துண்டுகள், கழுவாத வாளிகள். உப்பும் பினாயிலும் கலந்த வாடை. எதிர்ச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் எண் போட்ட ஆணிகள், ஆணிக்கு ஒன்றாக வெள்ளை பிளாஸ்டிக் டோக்கன்கள்.

"பாறைக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் டோக்கனை எடுத்து மணிக்கட்டுல கட்டிக்கணும். திரும்பி வந்ததும் அதே ஆணியில மாட்டணும்," என்றார் பேராசிரியர். "ஒரு ஆணி காலியா இருந்தாலும் விடுதிக்குப் போற பஸ் கிளம்பாது. கடைசியா பலகையப் பாத்துச் சரி சொல்ல வேண்டியது நான். தண்ணி இறங்கியிருக்கிற கொஞ்ச நேரம்தான் பாறை நமக்குச் சொந்தம். அப்புறம் கடல் வந்து எடுத்துக்கும். அதனால இதுல துல்லியம் முக்கியம் மேடம்."

பிள்ளைகள் அவருக்கு 'துல்லியம் சார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பதை வாசலிலேயே தெரிந்துகொண்டிருந்தேன். ஆளைப் பார்த்தாலே காரணம் புரிந்தது. வகிடு எடுத்தால் எடுத்ததுதான், இந்தக் கடற்காற்றிலும் ஒரு முடி இடம் மாறவில்லை.

"போன வருஷம் இந்தப் பலகைதான் எங்களை ஏமாத்திடுச்சு," என்று குரலைத் தாழ்த்தினார். "ஒரு மாணவி. ஒன்பதாம் நம்பர். வெளிப்பாறையில தனியா நின்னுட்டா. ஆனா ஒன்பதாம் ஆணியில டோக்கன் தொங்குது. எல்லாரும் வந்தாச்சுன்னு பஸ் கிளம்பிடுச்சு. சாயங்காலம்தான் அவ இல்லைங்கறதே தெரிஞ்சது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"டோக்கனை யார் மாட்டினது?"

"அவளோட ஜோடி. இங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் வேலை பாக்கணும். பத்தாம் நம்பர். ஒல்லின்னு கூப்பிடுவாங்க. காலேஜுல வராதவங்களுக்காக இன்னொருத்தர் 'உள்ளேன்' சொல்லி ப்ராக்ஸி குடுக்கறாங்க இல்லையா, அதே பழக்கம். 'நீ எனக்கும் சேத்து மாட்டிடு, நான் மெதுவா வரேன்'னு இவ குடுத்திருப்பா, அவ மாட்டியிருப்பா. நான் மாட்டவே இல்லைன்னு சாதிச்சா. ஒரு வருஷம் நீக்கி வச்சோம். இப்ப திரும்பப் படிக்க வந்திருக்கா. அவ வந்ததுலேருந்து தினமும் காலையில செத்த பொண்ணோட டோக்கன் அந்த ஆணியில தொங்குது. நான் எடுத்துக் குப்பையில போட்டாலும் மறுநாள் வந்துடுது. என்னை மிரட்டறா மேடம்."

மேடம் ஒன்பதாம் ஆணியிலிருந்த டோக்கனைக் கழற்றினார். கட்டைவிரலால் எண்ணைத் தேய்த்தார். அது கலையவில்லை.

"காலையில முதல்ல இந்த ரூமுக்கு வர்றது யாரு சார்?"

"ஒல்லிதான். தொட்டி கழுவற வேலையை அவளுக்குத்தான் போட்டிருக்கேன்."

மேடம் தலையாட்டிக்கொண்டு டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கேள்வியை விட்டுவிட்டுப் பதிலைப் பத்திரப்படுத்தினால் ஏதோ கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். கேட்டால் சொல்லமாட்டார். அதில் மட்டும் கஞ்சத்தனம்.

கடற்கரைக்கு இறங்கினோம். தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. பாறைகள் பாசியும் சிப்பியுமாகப் பிற்பகல் வெயிலில் மின்னின. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக மண்டிபோட்டு, கம்பியாலான சதுரச் சட்டத்தைப் பாறைமேல் வைத்து அதற்குள் இருக்கிற நத்தை, சிப்பி எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"நானும் படிச்சிருக்கலாம் மேடம். உக்காந்து நத்தை எண்ணுறதுக்கு டிகிரி குடுக்கறாங்க."

"நத்தை நகர்றதுக்குள்ள எண்ணணும் ரேடியோ. உனக்கு வராது," என்று மேடம் சொல்லி முடிக்கவில்லை, பாசியில் வழுக்கிக் குண்டியடிக்க விழுந்தேன். பாறைகள் அத்தனையும் சிரித்தன.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரையும் விட்டுத் தள்ளி நின்றிருந்தாள். ஊதினால் பறந்துவிடுவாள் போலிருந்தாள். அவளுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். தவறிக்கூட யாரும் அதற்குள் கால் வைக்கவில்லை.

"நீதான் ஒல்லியா?"

"ஆமா மேடம். நான்தான் கொலைகாரி," என்றாள். குரலில் குத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. ரேஷன் கடையில் பெயர் சொல்வதைப்போலச் சொன்னாள்.

மேடம் பாறையில் உட்கார்ந்தார். "நீ மாட்டினியா?"

"இல்ல. என் டோக்கன மாட்டிட்டு பஸ்ல ஏறித் தூங்கிட்டேன். ரெண்டு பஸ். அவ அந்த பஸ்ல இருப்பான்னு நெனச்சேன். நான் செஞ்ச தப்பு அதுதான். அத ஒத்துக்கறேன். ஒன்பத நான் தொடவே இல்ல. இத நூறு தடவ சொல்லியாச்சு, யாரும் நம்பல. அவங்க அம்மா தினமும் எனக்கு போன் பண்ணி சாபம் குடுப்பாங்க. நான் எடுத்துக் கேப்பேன்."

"ஏன் எடுக்கற? கட் பண்ண வேண்டியதுதானே?" என்றேன்.

"அவங்களுக்கு வேற யார் இருக்கா திட்டறதுக்கு?"

என் வாய்க்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேலையில்லாமல் போயிற்று. ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. அவள் கையிலிருந்த பென்சில் கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. சட்டைப்பையிலிருந்த என் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"பேனாவா?" என்று லேசாகச் சிரித்துவிட்டாள். "கடல் தண்ணி பட்டா எல்லாம் கரைஞ்சிடும் அண்ணா. இங்க யாரும் பேனா வச்சிருக்க மாட்டோம். முதல் நாளே சார் பிடுங்கிடுவார். பென்சில்தான். பென்சில் போகாது. டோக்கன்ல மட்டும் ஆபீஸ் கிளார்க் மார்க்கர்ல எழுதிக் குடுக்கறார், பாருங்க." மணிக்கட்டை நீட்டினாள். வெள்ளை பிளாஸ்டிக்கில் நீலமாக ஏதோ கறை இருந்தது. அது பத்து என்று அவள் சொன்னதால்தான் தெரிந்தது. "ரெண்டு மூணு நாள்ல எல்லாருதும் இப்படி ஆயிடும். ஆணிய வச்சுத்தான் எது யாருதுன்னு கண்டுபிடிப்போம்."

மேடம் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் தோளில் கயிற்றோடு வந்தாள். அகலமான தோள், வெட்டிய முடி. போன வருஷ விபத்துக்குப் பிறகு நிலையத்தில் புதிதாக வேலைக்கு எடுத்திருக்கிற லைஃப்கார்டு. அதுவரை ஏதோ நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.

"இவகூட யாரும் ஜோடி சேர மாட்டேங்கறாங்க. அதனால நானே சேந்துக்கறேன்," என்றாள் எங்களிடம். "வா ஒல்லி. இன்னைக்கு நமக்கு வெளிப்பாறை."

ஒல்லி எழுந்து பின்னால் போனாள். 'இந்த உலகத்தில் ஒரு நல்ல மனுஷியாவது இருக்கிறாளே' என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த மனசை நாலு சாத்து சாத்தவேண்டும்.

மற்ற பிள்ளைகளையும் விசாரித்து முடித்து, வெகுநேரம் கழித்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும் வழியில் மேடம் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு போன் போடச் சொன்னார். "போன வருஷ ஒன்பதாம் டோக்கன் எங்க போச்சுன்னு கேளு."

கேட்டேன். எழுத்தர் இருமிவிட்டுச் சொன்னார்: விசாரணை முடிந்ததும் பெண்ணின் துணிமணி, பையோடு அதையும் சேர்த்து வீட்டுக்கே கொடுத்துவிட்டார்களாம். அக்காக்காரி வந்து வாங்கிக்கொண்டு போனாளாம்.

"அப்ப தினமும் மாட்டறது ஒல்லி இல்ல," என்றேன். "செத்தவளோட அக்கா. ஆனா அக்கா இங்க எங்க..." புதிதாக வேலைக்கு வந்தவள் ஒரே ஒருத்திதான்.

அதற்குள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டோம். மேடம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் எல்லோரும் இன்னும் பாறையில் இருந்ததால் ஆணிகள் காலியாக இருந்தன. பத்தாம் ஆணி மட்டும் காலியில்லை. ஒல்லியின் டோக்கன், நீலக் கறையோடு அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"மேடம், ஒல்லி பாறையிலதானே இருக்கா?"

"ஓடு!" என்றார் மேடம்.

ஓடினோம். ஐம்பதைத் தாண்டிய மேடம் எனக்கு முன்னால் ஓடினார். தண்ணீர் திரும்பத் தொடங்கியிருந்தது. நாங்கள் கொஞ்ச நேரம் முன்பு உட்கார்ந்திருந்த பாறை ஈரமாகிவிட்டது. பிள்ளைகள் வாளிகளோடு கரையேறிக்கொண்டிருந்தார்கள். மணலில் இழுத்துப் போட்டிருந்த, எஞ்சின் வைத்த ரப்பர் படகின் விளிம்பில் லைஃப்கார்டு உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், வட்டம் பிசகாமல் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒல்லி எங்க?"

"வந்திருப்பா. பலகையில டோக்கன் இருக்குமே, பாக்கலயா?"

"நீங்கதானே அவ கையிலேர்ந்து வாங்கி மாட்டினது?" என்றார் மேடம், மூச்சு வாங்க. "உங்க தங்கச்சிக்கு நடந்தது அப்படியே அவளுக்கும் நடக்கணும். அதானே?"

கயிறு நின்றது. அந்த முகத்தில் நான் அழுகையை எதிர்பார்த்தேன். இல்லை. அழுது முடித்து, துடைத்து, ரொம்ப நாளாகிவிட்ட முகம் அது.

"என் கையாலதான் அவளுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தேன்," என்றாள். "நல்லா நீந்துவா. ஆனா அந்தப் பாறை இடுக்குல அலை தூக்கி அடிச்சா யாரா இருந்தாலும் சிப்பியில கிழிஞ்சுதான் போவாங்க. எப்படிக் கிழிஞ்சிருந்தான்னு பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தவ நான். அம்மா பாக்கல. தினமும் காலையில அந்த ஒல்லி கண்ணுல படற மாதிரி டோக்கன மாட்டினேன். பயந்து ஓடியிருந்தா விட்டிருப்பேன். ஓடல. தொட்டியக் கழுவிட்டு சோறு திங்கப் போனா. அவளுக்கும் தெரியட்டும் மேடம், தண்ணி ஏறும்போது கரையில யாரும் இல்லாம இருக்கறது எப்படின்னு."

"தப்பான ஆள நிறுத்தியிருக்கீங்க." மேடம் பையிலிருந்து ஒன்பதாம் டோக்கனை எடுத்து அவள் மடியில் போட்டார். "தினமும் கையில வச்சுப் பாத்தீங்களே, இதப் பாக்கலயா? எல்லா டோக்கனும் கடல்ல நனைஞ்சு கறையா நிக்குது. இது மட்டும் நேத்து எழுதின மாதிரி பளிச்சுனு இருக்கு. இது ஆபீஸ் குடுத்த டோக்கனே இல்ல. உங்க தங்கச்சியோட நிஜ டோக்கன் அவ கையிலயே இருந்து, அலையில அறுந்து கடலோட போயிடுச்சு. இது அப்புறமா யாரோ செஞ்சு மாட்டினது. எழுதினது மார்க்கர் இல்ல, தேய்ச்சுப் பாருங்க. பென்சில்."

அவள் தேய்த்தாள்.

"கிளார்க் செஞ்சிருந்தா மார்க்கர். வெளியாள் செஞ்சிருந்தா பேனா. அவசரத்துல பையில கைவிட்டா பென்சில் மட்டுமே வர்ற ஆள்தான் இதச் செஞ்சிருக்கணும்."

"ஒல்லிகிட்டயும் பென்சில்தான் இருக்கு."

"இருக்கட்டும். ஆணி காலியா இருந்தா ஒல்லிக்கு என்ன நஷ்டம்? காலி ஆணியப் பாக்காம பஸ்ஸ அனுப்பினவருக்குத்தான் நஷ்டம். பலகையப் பாத்துச் சரி சொல்ல வேண்டியவர் ஒருத்தர்தானே?"

லைஃப்கார்டின் முகத்தில் ஈயாடவில்லை. நான் பொறுமை இழந்து கத்தினேன்: "விளக்கம் போதும் மேடம், அங்க தண்ணி ஏறுது!"

அவள் படகைத் தள்ளிய வேகத்தில் நானும் மேடமும் தொற்றிக்கொண்டதே பெரிய காரியம். வெளிப்பாறை பாதி மூழ்கியிருந்தது. உச்சியில் ஒல்லி குந்தியிருந்தாள். கத்தவில்லை, கையாட்டவில்லை. படகு ஒட்டி நின்றதும் அக்காக்காரி கைநீட்டினாள்.

"உன்ன இங்க விட்டுட்டுப் போகத்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றாள்.

"தெரியும்க்கா. டோக்கன வாங்கினீங்களே, அப்பவே தெரியும். முதல் நாளே உங்க முகம் தெரியும். அவ போன்ல உங்க போட்டோதான் வச்சிருந்தா."

"தெரிஞ்சுமா வந்த?"

"எல்லாரும் ஒரு வருஷமா நான்தான்னு சொல்றாங்க. சில நேரம் எனக்கே நான்தான் மாட்டினேனோன்னு தோணும்." அவள் படகில் இறங்கி உட்கார்ந்தாள். மேடம் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னார். ஒல்லி டோக்கனை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "இப்பதான் மேடம் எனக்குக் கோவம் வருது."

எனக்கும் வந்தது. செய்ததைச் செய்துவிட்டு, ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டி, அவளைத் தொட்டி கழுவவும் விட்டிருக்கிறானே! மரியாதை விகுதியெல்லாம் எனக்கு மறந்தேபோயிற்று.

"போலீசுக்குப் போலாம்," என்றேன்.

"பென்சில் கோட்டுக்கு யார் தண்டனை குடுப்பா?" என்றார் மேடம். "அவரே நடந்து வரணும். வரவைக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை. ஆள் சாகக் கூடாது. அதுக்கு மேல என்ன நடந்தாலும் எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

இரண்டு பெண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அக்காதான் தலையாட்டினாள்.

பேராசிரியர் தன் அறையில் யாருக்கோ துல்லியமாக ஒரு கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்களை மிரட்டறது யாருன்னு நாளைக்குச் சொல்லிடறேன் சார். இன்னொரு சின்ன விஷயம். வெளிப்பாறையில சிப்பிக்கு நடுவுல ஒரு டோக்கன் சிக்கியிருக்காம். ஒன்பதுன்னு போட்டிருக்குன்னு ஒரு பொண்ணு சொல்றா. சிப்பி மேலயே வளந்துட்டதால பிடுங்க முடியலயாம். நாளைக்குச் சாயங்காலம் தண்ணி இறங்கினதும் போலீஸ் வந்து எடுத்துக்கறாங்க."

பேராசிரியரின் கை வகிட்டுக்குப் போயிற்று. "எந்தப் பக்கம்?" என்றார்.

"கடல் பக்கம்."

வெளியே வந்ததும் மேடத்தின் கண்கள் மினுங்கின. "கேட்டியா ரேடியோ?"

"பக்கம் கேட்டார். அதுல என்ன?"

"ஒன்பதாம் டோக்கன் பலகையிலதான் இருந்துச்சுன்னு உலகத்துக்கே சொன்னவர் அவர். நிஜமாவே நம்பியிருந்தா என்ன சொல்லியிருக்கணும்? 'அது எப்படிப் பாறையில இருக்கும், பைத்தியமா?'ன்னு சிரிச்சிருக்கணும். இன்னொன்னு கடல்ல இருக்குன்னு ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"பாறையில நிஜமாவே டோக்கன் இருக்கா மேடம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் கடலுக்குள்ள எட்டிப் பாத்தேனா?"

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் இறங்கியிருந்தது. பிள்ளைகள் விடுதியில் இன்னும் பல்கூடத் துலக்கியிருக்கமாட்டார்கள். மண்மேட்டு மறைவில் படகில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். பேராசிரியர் வந்தார். பூட்ஸ், கையில் ஒரு கத்தி, ஒரு சுத்தியல். பாறை பாறையாகத் தாண்டி வெளிப்பாறைக்குப் போனார்.

தேடினார். குனிந்து தேடினார், மண்டிபோட்டுத் தேடினார், படுத்துக்கொண்டு இடுக்குக்குள் கைவிட்டுத் தேடினார். சிப்பிகளைப் பெயர்த்தெறிந்தார். தண்ணீர் திரும்பும் நேரம் அவருக்கு மனப்பாடம். ஒருமுறை நிமிர்ந்து கரையைப் பார்த்தார்; போகலாமா என்று யோசித்தார் போலிருக்கிறது. மறுபடி குனிந்தார். இல்லாத ஒன்றைத் தேடுகிறவனுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியாது. அவர் உண்மையிலேயே நிமிர்ந்தபோது பாறைக்கும் கரைக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது.

வகிடு கலைந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் என்னைக் கெட்டவன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

படகு மெல்லப் போய், கைக்கெட்டாத தூரத்தில் நின்றது.

"அப்பாடா! இங்க, இங்க!" என்று இரண்டு கைகளையும் வீசினார். "கயிறைப் போடும்மா!"

லைஃப்கார்டு கயிற்றை எடுக்கவில்லை. நீர் புகாத உறையிலிருந்து போனை எடுத்து, ஏதோ அழுத்தி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஒன்பதாம் நம்பரோட அக்கா," என்றாள்.

அவர் பார்வை அவளிடமிருந்து ஒல்லிக்கும், ஒல்லியிடமிருந்து மேடத்துக்கும் தாவியது. புத்திசாலிதான். ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது.

"மேடம், நான் உங்க கட்சிக்காரன்!"

"உங்க கேஸ் முடிஞ்சது சார். டோக்கன் மாட்டினது இவங்க," என்றார் மேடம். "இப்ப நான் சும்மா வேடிக்கை பாக்க வந்திருக்கேன்."

ஒல்லி எழுந்து நின்றாள். "சார், ஒன்பத யார் மாட்டினது?"

அலை ஒன்று அவர் முழங்காலை நனைத்தது. "நான்தான். நான்தான்! பலகையப் பாக்க மறந்துட்டேன். சாயங்காலம் ஆணி காலியா இருந்ததப் பாத்ததும் பயந்துட்டேன். பிளாஸ்டிக் தகட்ட வெட்டி எழுதி மாட்டிட்டேன். மறதிதான், வேணும்னு செய்யல. கயிறைப் போடுங்க!"

அக்காவின் கை கயிற்றைத் தொட்டது. எனக்கும் சப்பென்று போயிற்று. இவ்வளவுதானா? மறதியா?

"மறதின்னு சொல்லாதீங்க சார்," என்றாள் ஒல்லி. "நீங்க எதையும் மறக்கற ஆள் இல்ல. பேனா வச்சிருக்கேனான்னு தினமும் என் பையத் தடவுவீங்க. பலகைய மறந்திருக்க மாட்டீங்க."

கயிற்றைத் தொட்ட கை பின்வாங்கிக்கொண்டது. அடுத்த அலை அவர் தொடை வரைக்கும் வந்தது. அவர் ஒரு பக்கம் சாய்ந்து, சிப்பியில் கை ஊன்றி, ரத்தத்தோடு எழுந்தார். எழுந்தபோது அவர் வாயிலிருந்து வந்தது வேறு குரல்.

"பாத்தேன்," என்றார். "ஆணி காலியா இருந்ததப் பாத்தேன். வாசல்ல வந்து நின்னு பாறையையும் பாத்தேன். அவ நின்னுட்டிருந்தா. கையாட்டினா. அன்னைக்கு இந்த நிலையத்தோட புதுக் கட்டடத் திறப்பு விழா. தலைமை விருந்தினர் வந்து உக்காந்தாச்சு. படகை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தா விழா தள்ளிப்போகும். தண்ணி ஏற இன்னும் நேரமிருக்குன்னு கணக்குப் போட்டேன். விழா முடிஞ்சதும் படகனுப்பலாம்னு பஸ்ஸப் போகச் சொல்லிட்டேன். அன்னைக்குக் காத்து மாறி தண்ணி சீக்கிரம் ஏறிடுச்சு. என் கணக்கு தப்பிடுச்சு."

"கையாட்டினாளா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நானும் கையாட்டினேன். இருன்னு."

தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் கைகள் துடுப்பை எதற்காக இவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் துடுப்பால் அவரை ஒரே போடாகப் போடவேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அக்காவின் மடியிலிருந்த போனில் ஓர் இருமல் கேட்டது. அது இவ்வளவு நேரமும் பேச்சில்தான் இருந்திருக்கிறது.

"அம்மா," என்றாள் அக்கா. "கேட்டியாம்மா?"

"கேட்டேன்." கரகரத்த, வயதான பெண் குரல். "அந்த ஒல்லிப் பொண்ணு பக்கத்துல இருக்கா?"

"இருக்கேன்மா," என்றாள் ஒல்லி.

"இனிமே நான் போன் பண்ணா, திட்டறதுக்கு இல்லடி. எடு."

ஒல்லி போனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அந்த வாத்தியார் இப்ப தண்ணியிலதான் நிக்கறானா?" என்றது குரல்.

"ஆமாம்மா."

"எதுவரைக்கும் இருக்கு?"

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார்.

"இடுப்பு வரைக்கும்."



"சாகவிடாதே. ஆனா அவசரப்படாதே. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

அக்கா எஞ்சினை அணைத்தாள். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைக்க ஆரம்பித்திருந்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.